கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அல்வாலில், நான் மேல் போர்ஷனில் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியில், 2013 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழே கால் மணிக்கு. வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி சர்ச் பூசைக்குப் போய்விட்டு வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பால் பாக்கெட்டோடு ஏறிக்கொண்டிருந்தேன். ஒதுங்கி வழிவிட்டவர், என்னைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்துச் சொன்னார்:

"தப்பு என்னுது தம்பி. இன்டர் முடிச்ச பையன டிகிரிக்கு அனுப்பாம ஆகாசத்துக்கு அனுப்பினேன்."

"அப்படியெல்லாம் இல்ல அங்கிள்" என்றேன்.

இதைவிடக் கையாலாகாத வாக்கியம் தமிழில் இருக்கிறதா என்று தெரியவில்லை. மேலே போனேன், பாலைக் காய்ச்சினேன், பொங்கவிட்டேன், அடுப்பைத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் எழுத உட்கார்ந்தேன். இதற்கு முன் நான் கதை எழுதியதில்லை. கணேஷ்குமார், விருதுநகர்க்காரன், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு நட்டைக்கூடத் திருகாமல் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். என்னிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

2

ஆரோக்கியசாமியின் மகன் எட்வினைப் பற்றிய கதை. முதல் வரிக்கே இரண்டு வாரம் போய்விட்டது. அடித்தவற்றை மறைக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"எட்வின் சின்ன வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து—"

(எல்லாப் பிள்ளைகளும்தான் பார்க்கிறார்கள். அப்புறம் இன்ஜினியரிங் சேர்ந்துவிடுகிறார்கள்.)

"பேகம்பேட்டையில் இறங்க வரும் விமானங்கள் போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு மேலே தாழப் பறக்கும்போது, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சிறுவன்—"

(பேகம்பேட்டை ரன்வே கிழக்கு மேற்காக இருக்கிறது, விமானம் அந்தப் பக்கமே வராது என்று எட்வின் சிரிப்பான். அவன் மார்க்கெட்டுக்குப் போனதும் கிடையாது. கதை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவனைத் தக்காளிக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

"விமானம் ஓட்ட டிகிரி வேண்டுமா, வேண்டாமா?"

(இது கதை இல்லை. பட்டிமன்றத் தலைப்பு. இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர் பேசி, கைதட்டல் வாங்கி, கடைசியில் நடுவர் இரண்டும் வேண்டும் என்பார்.)

பெயர்களிலும் தகராறு. எட்வினின் அப்பா ஆரோக்கியசாமி, அம்மா ஆரோக்கியமேரி. நான் கற்பனையாக வைத்திருந்தால் ஒரே வீட்டில் இரண்டு ஆரோக்கியம் வைத்து உங்களைக் குழப்பியிருக்க மாட்டேன். நிஜம் அப்படித்தான் அமைந்துவிட்டது. அம்மா இந்தக் கதையில் ஒரே ஒருமுறை, அதுவும் ஒரு கிண்ணம் குழம்பு வழியாகத்தான் வரப்போகிறார். பயப்படாதீர்கள்.

3

எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லாத ஆள் எட்வின்தான். அவன் கோபப்படுவதே இல்லை. கோபப்படாத ஒருவனை வைத்துக்கொண்டு கதையை எப்படி நகர்த்துவது? ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரோக்கியசாமி லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம். ஒரே மகன். இன்டர் என்று இங்கே சொல்கிற ப்ளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க் எடுத்தான். பைலட் ஆக வேண்டும் என்றான். முதலில் டிகிரி, அப்புறம் பறக்கலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆரோக்கியசாமி மட்டும், "மூணு வருஷம் கைக்கு வேஸ்ட் பண்ணணும்? சர்க்கார் ரூல்ல இன்டர் போதும்னு இருக்கு" என்று சொல்லி (இந்த ஊர் உருதுவில் கைக்கு என்றால் எதற்கு), மௌலாலியில் வாங்கிப்போட்டிருந்த மனையை விற்று, மத்தியப் பிரதேசத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் சேர்த்தார். 2009-இல் எட்வின் லைசென்சோடு திரும்பினான். 200 மணி நேரம் பறந்திருந்தான். அந்த வருஷம் யாரும் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. என் ஆபீசிலேயே பாதி நாற்காலி காலியாக இருந்தது.

2010-இல் ஒரு விமானக் கம்பெனி ஆள் எடுக்க ஆரம்பித்தது. எட்வின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் போர்ஷனுக்கு வந்தான்.

"அண்ணா, நீங்க சாஃப்ட்வேர்தானே. இது கொஞ்சம் பாருங்க. சப்மிட் ஆக மாட்டேங்குது."

பார்த்தேன். பட்டம், பல்கலைக்கழகம், தேறிய வருஷம், பதிவு எண். நான்கு கட்டத்துக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் ஃபார்ம் நகராது.

"என்கிட்ட டிகிரி நை. லைசென்ஸ் நம்பர் போடறதுக்கு கீழ இடம் இருக்கு. ஆனா அது வரைக்கும் போகவே விடல. கைக்கு அண்ணா இப்படி?"

"கம்பெனி ரூலா இருக்கும்" என்றேன்.

"ஹவ். அப்படித்தான் இருக்கும்" என்றான். திரையைப் பார்த்துச் சிரித்தான். "காக்பிட் காம்பஸ்ல 360 டிகிரி இருக்கு அண்ணா. அது பத்தலயாம். இன்னும் ஒண்ணு வேணுமாம்."

"கரஸ்ல ஒரு பி.ஏ. போட்டுடு எட்வின். மூணு வருஷம் ஓடிடும்."

ஓடிவிட்டது. ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றும் டிராக்டர் ஓட்டும் வேலைக்குப் போனான். அந்த வேலைக்குப் பத்தாவது போதும். விமானத்தின் வயிற்றுப்பக்கம் டிராக்டரை நிறுத்திவிட்டு, மேலே காக்பிட் ஜன்னலில் தெரிகிற ஆளின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டதாக ஒருநாள் சொன்னான். பறக்காததால் லைசென்சில் சேர்ந்திருந்த தகுதிகள் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆயின. போன மாதம் பி.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் வகுப்பு, தேறிவிட்டான். அன்றைக்கே அதே ஃபார்மைத் திறந்தான். நான்கு கட்டத்தையும் நிரப்பினான். முதல்முறையாக அடுத்த பக்கம் திறந்தது. அங்கே புதிதாக ஒரு கட்டம் வந்திருந்தது: கம்பெனி ஓட்டும் ரக விமானத்தில் குறைந்தது 500 மணி நேரம். அந்த விமானத்தை ஓட்ட வேலை வேண்டும். வேலை வேண்டுமென்றால் அந்த விமானத்தை ஓட்டியிருக்க வேண்டும்.

4

இனி பட்டிமன்றம். நடுவர் வரவில்லை, நான் ஒருவனே எல்லாப் பக்கமும் பேசுகிறேன்.

டிகிரி வேண்டும் என்பவர்களைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. நூற்றெண்பது பேரைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு இருபது வயதாக இருந்தால் நானே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்று வருஷம் கல்லூரிக்குப் போய்வந்தால் ஆள் கொஞ்சம் அடங்குவான் என்கிறார்கள். காதிலோ கண்ணிலோ கோளாறு வந்து முப்பத்தைந்து வயதில் டாக்டர் இறக்கிவிட்டால், கையில் பட்டம் இருந்தாலாவது வேறு வேலை தேடலாம். இதெல்லாம் நியாயம்தான்.

ஆனால் நான் கல்லூரியில் அடங்கினேனா? தெர்மோடைனமிக்ஸை மூன்றாவது தடவை எழுதித் தேறினேன். ஹாஸ்டல் சுவரேறினேன். என் பட்டம் எனக்குச் சொல்லிக்கொடுத்த எதையும் நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. எட்வின் வானிலை படித்தான், திசை கணிக்கப் படித்தான், வானத்துச் சட்டம் படித்தான், ஒவ்வொன்றுக்கும் பரீட்சை எழுதினான், தன்னந்தனியாக ஒரு இயந்திரத்தை மேலே கொண்டுபோய்த் திரும்பக் கீழே இறக்கினான். அவனைப் பார்த்து, படிக்காதவன் என்று எந்த வாயால் சொல்வது?

எனக்குத் தெரிந்து டிகிரி கேட்பதற்கு நேர்மையான காரணம் ஒன்றுதான். விண்ணப்பம் ரொம்ப அதிகம். எதையாவது சொல்லிக் குறைக்க வேண்டும். உயரத்தை வைத்துக் குறைத்தால் கேஸ் போடுவார்கள். டிகிரியை வைத்துக் குறைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் எல்லோருடைய வீட்டிலும் ஒரு டிகிரி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

இதை ஆரோக்கியசாமியிடம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் செய்தது சரிதான் அங்கிள், ரூல்தான் தப்பு என்றேன்.

"இல்ல தம்பி. கம்பெனின்னா பத்து பேர் உக்காந்து யோசிச்சுத்தானே ரூல் போடுவாங்க? நான் ஒருத்தனா யோசிச்சேன். அவங்க கரெக்டு."

ஒருகாலத்தில் மகன் பைலட்டுக்குப் படிக்கிறான் என்று ஒர்க்ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணித் தமிழ்ப் பூசையில் அவருக்கென்று ஒரு பெஞ்சே உண்டு. இப்போது மூன்று வருஷமாக அந்தப் பூசைக்குப் போவதில்லை. காலை ஆறு மணித் தெலுங்குப் பூசைக்குப் போய்விட்டு, தமிழ்க்காரர்கள் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அங்கே யாரும், "பையன் பறக்கறானா?" என்று கேட்க மாட்டார்கள்.

5

அந்த ஃபார்மைச் செய்தது நான்.

மூன்று வாரமாக இந்த ஒரு வரியைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தேன். எழுதியாகிவிட்டது.

2010 தொடக்கத்தில் அந்த விமானக் கம்பெனி வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. அவர்கள் அனுப்பிய காகிதத்தில் தெளிவாக இருந்தது: குறைந்தபட்சத் தகுதி பன்னிரண்டாம் வகுப்பு, பட்டதாரிகளுக்கு முன்னுரிமை. நாங்கள் ஃபார்ம் செய்கிற கருவியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே வகைதான் உண்டு. கட்டாயம், அல்லது விருப்பம். முன்னுரிமை என்பதற்கு டிக் அடிக்க இடம் இல்லை. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டாயம் என்று டிக் அடித்தேன். சிவப்பு நட்சத்திரம்* வந்து உட்கார்ந்தது.

அதற்கப்புறம் பதினோரு பேர் அந்த ஃபார்மைச் சோதித்தோம். பெயரில் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். பிறந்த தேதியில் பிப்ரவரி முப்பது போட்டுப் பார்த்தோம். டிகிரிக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினோரு பேரும் அவரவர் பி.இ.யையும் பி.டெக்.கையும் போட்டோம். டிகிரி இல்லாத ஒருவன் வேலைக்கு மனுப் போடுவான் என்பதே எங்கள் மண்டையில் இல்லை. விருதுநகரில் எங்கள் தெருவில் டிகிரி இல்லாமல் யாரும் கல்யாணத்துக்குக்கூட ஜாதகம் கொடுக்க மாட்டார்கள்.

எட்வின் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியபோது பட்டனின் நீலத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்க அரைநாள் செலவழித்திருந்தேன். "கம்பெனி ரூலா இருக்கும்" என்று அப்போதுதான் சொன்னேன்.

மறுநாள் மேனேஜர் பத்ரிநாராயணனிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர். உடனே அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, "விட்டுடுய்யா. போன தடவை நாலாயிரம் மனு வந்துதாம். இந்தத் தடவை அறுநூறுதானாம். ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க" என்றார். அடுத்த வருஷம் வேறொரு விமானக் கம்பெனி, அதே மாதிரி ஃபார்ம் வேண்டும் என்று கேட்டது. கொடுத்தோம். எனக்கு நல்ல இன்கிரிமென்ட் வந்தது.

ஆரோக்கியசாமி நினைப்பதுபோலப் பத்து பேர் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஒருவரும் யோசிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் நான் அடித்த டிக் விதியாகிவிட்டது.

அன்றைக்கே எட்வினிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் அன்றைக்கு லேப்டாப்பை மூடிக்கொண்டே, "நீங்க இருக்கறதால வழி தெரிஞ்சுது அண்ணா" என்றான். அதைக் கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துச் சொல்ல நினைத்தபோது, ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு மாதம். அப்புறம் மூன்று வருஷம். 500 மணி நேரக் கட்டத்தையும் நான்தான் சேர்த்தேன். அது மட்டும் அவர்கள் கேட்டபடியே செய்தது, அதில் தப்பே இல்லை.

எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஞாயிறுதோறும் ஐந்தரை மணிக்குக் கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்கும்போது தலையணையைக் காதில் அழுத்திக்கொள்கிறேன்.

* நட்சத்திரம் போட்டால் கீழே விளக்கம் இருக்க வேண்டும் என்பது எழுத்து மரபு. என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை.

6

முடிவுகளைப் பார்க்கலாம்.

முதல் முடிவில் ஆரோக்கியசாமியைக் கொன்றுவிட்டேன். தெலுங்குப் பூசையிலிருந்து திரும்பும் வழியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு விமானம் தலைக்கு மேலே போகும்போது. எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் பைப்பைப் பிடித்துக்கொண்டு குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கிழித்துப் போட்டேன். அவர் உயிரோடுதான் இருப்பார், இன்னும் இருபது வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணிக்குப் போய்வருவார்.

இரண்டாவது முடிவில் எட்வினுக்கு வடகிழக்கில் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து போன் வருகிறது. எட்டு சீட் விமானம். மலைக்கு நடுவே இறக்க வேண்டும். டிகிரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். பிறகு எட்வின் வேலை முடிந்து ஏர்போர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. அவனுடைய போன் அடிக்கவில்லை.

மூன்றாவது முடிவு உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. எட்வின் பேங்க் பரீட்சைக்கு மனுப் போட்டிருக்கிறான். டிகிரி இருக்கிறதல்லவா? கிளார்க், இன்சூரன்ஸ், கூட்டுறவுத் துறை என்று டிகிரி கேட்கிற வேலைகள் நிறைய இருக்கின்றன. எதுவும் பறக்காது.

7

முடிவு கிடைக்காமல் இருந்தபோது, இன்று மத்தியானம், எட்வின் மேலே வந்தான். கையில் அம்மா கொடுத்தனுப்பிய மட்டன் குழம்பு. மேசைமேல் தாள்கள் கிடந்தன. குழம்பை வைத்துவிட்டு மேலே இருந்த தாளை எடுத்தான்.

எட்வினுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. போலாரத்தில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன். நான் இதைத் தமிழில் எழுதத் துணிந்ததற்குக் காரணமே அதுதான். இலக்கிய ஆர்வம் என்று வேறு யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

"என்னண்ணா இது?"

"சும்மா. கதை."

எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தேடிக்கொண்டே வந்தான். 2009. விரல் ஒரு இடத்தில் நின்றது.

"200. இது மேரா ஹவர்ஸா அண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

"என் கதையா?" அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. "டாடிக்குத் தமிழ் கதைன்னா உயிர். அவர் படிச்சு எனக்குச் சொல்லுவாரு. கொண்டு போகட்டா?"

"இரு, ஒழுங்கா அடுக்கித் தர்றேன்."

அடுக்கினேன். ஐந்தாவது பகுதி மட்டும் இரண்டு தாள். அதை அவனுக்குத் தெரியாமல் உருவித் தலையணைக்குக் கீழே வைத்தேன். மற்றதைக் கொடுத்தேன். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனான்.

8

ஒரு மணி நேரம் கழித்து ஆரோக்கியசாமி ஏறிவந்தார். கண்ணாடி மூக்கில், தாள்கள் கையில். கதவுக்கு வெளியே நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. என்னைக் கொன்னுட்டீங்க, பரவால்ல. மௌலாலி மனைய மட்டும் எழுதாம இருந்திருக்கலாம்."

"எடுத்துடறேன் அங்கிள்."

"நக்கோ, இருக்கட்டும். நடந்ததுதானே." தாள்களைப் புரட்டினார். முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர், எதையும் எண்ணிப் பார்க்காமல் மூடிப் பழக்கமில்லை. "நாலு இருக்கு. அடுத்தது ஆறு வருது. அஞ்சு எங்க?"

"நம்பர் தப்பாப் போட்டுட்டேன் அங்கிள்" என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவர் எல்லோரையும் நம்புகிறவர்.

"உள்ள எங்கயோ இருக்கும். தேடணும்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"மெதுவாத் தேடுங்க. அவசரம் இல்ல. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். கதவு பாதி திறந்திருக்கிறது. அவருடைய முதுகு தெரிகிறது. கீழேயிருந்து எட்வின், "டாடி, பூரா படிச்சாச்சா? என்ன ஆச்சு கடைசில?" என்று கேட்கிறான். "இருடா, நடுவுல ஒண்ணு மிஸ்ஸிங்" என்கிறார்.

நான் தேடுகிற சத்தம் கேட்க வேண்டுமே என்று வெற்றுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில்தான் இதை எழுதுகிறேன்.

அதைப் படித்தால் அவர் எட்டரை மணிப் பூசைக்குத் திரும்பப் போகலாம். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கூடவே, மகனுடைய வாழ்க்கை ஒருவரும் யோசிக்காமல் போனது, பெரிய மனிதர்கள் யாரும் அவனை நிராகரிக்கக்கூட இல்லை, மேல் போர்ஷன்காரனுக்குப் பசித்தது, அவ்வளவுதான் என்பதையும் தெரிந்துகொள்வார். இதில் எது அவரை உடைக்கும் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியவில்லை. அல்லது அவரைச் சாக்காக வைத்து என்னையே காப்பாற்றிக்கொள்கிறேன்.

ஐந்தாவது பகுதியைப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். நான் ஒருவன், என்னால் என்ன முடியும் என்பதைப் பார்த்துவிட்டீர்கள். இன்னொருவர் நீங்கள்.

"கிடைச்சுதா?" என்று கேட்கிறார். முதுகைத் திருப்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டியிருக்கிறார்.